புதுப்பிப்பு: மூக்குக்கண்ணாடி அணிந்தவரின் உருவப்படத்தில் தெரியும் சாஃப்ட்பாக்ஸ்

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களை ஸ்டூடியோவில் படமெடுக்கும்போது சாஃப்ட்பாக்ஸின் (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வெள்ளைச் சதுரம் கண்ணாடியில் தெரியாமல் தடுப்பது எப்படி என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன யோசனைகளைச் செய்து பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே பதிகிறேன்.

ஒளி விழும் கோணமும் எதிரொளிக்கும் கோணமும் சமம் என்பதால், விளக்கை உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தியதுமே பிரதிபலிப்பு பெரும்பாலும் கேமராவின் பார்வையிலிருந்து விலகிவிட்டது. காதின் மேல் அமரும் கம்பிகளைச் சற்றே தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து, மிச்சமிருந்த மினுக்கமும் போய்விடுகிறது. ஆனால் விளக்கு உயர உயர, புருவத்தின் நிழல் கண்குழியில் விழுவதோடு, முகத்துக்கு உயிர் தரும் கருவிழி ஒளிப்புள்ளியும் மங்குகிறது. இதற்கு மார்பளவுக்குக் கீழே, படத்தில் விழாதபடி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்தது நன்றாகவே உதவியது. அதை மிக அருகில் கொண்டுவந்தால், சாய்ந்திருக்கும் கண்ணாடியில் அந்தப் பலகையே தெரியத் தொடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

போலரைசர் (எதிரொளிப்பைக் குறைக்க லென்ஸின் முன் பொருத்தும் வடிகட்டி) யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் எதிரொளிக்கும் ஒளியைத்தான் அது முழுமையாக வெட்டும். நேர்முகமாக அமர்ந்திருப்பவரிடம் பலன் குறைவு, ஒளியிழப்போ அதிகம்.

மூக்குக்கண்ணாடி அணிந்த இருவரை எதிரெதிர்த் திசையில் பார்க்க வைத்து எடுப்பதை மட்டும் இன்னும் முயலவில்லை; செய்தவர்கள் விளக்கை எங்கே வைத்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.