ஓடிட்டிருக்கிற ப்ராஜெக்ட் ஷெட்யூலை புது சாஃப்ட்வேருக்கு மாத்தினப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?

கத்தார்_பிளானர்
இது இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. டவர் வேலை, பாதிக்கு மேல முடிஞ்சாச்சு, அதுவரைக்கும் ஷெட்யூலை எம்எஸ் ப்ராஜெக்ட்லதான் (எம்எஸ்பி) ஓட்டிட்டிருந்தோம், திடீர்னு கிளையண்ட் இனிமே எல்லாம் பிரைமவேரா பி6ங்கிற இன்னொரு ஷெட்யூல் சாஃப்ட்வேர்லதான்னுட்டாங்க. எக்ஸ்எம்எல் ஃபைல் வழியா இம்போர்ட், ஒரு எரர் கூட வரல. மீட்டிங்ல ப்ரொஜெக்டர்ல ஓப்பன் பண்ணி, தேதியெல்லாம் திரும்ப கணக்கு போட எஃப்9 தட்டினேன். 4வது மாடி பிளாஸ்டரிங், பாதி ஃப்ளாட் பூசியாச்சு, இப்பவும் ஆளுங்க பூசிட்டுதான் இருக்காங்க, ஆனா ஸ்க்ரீன்ல நடந்த வேலையோட நீல பார் முடிஞ்சதும் பெரிய காலி இடம், மிச்ச வேலை எங்கயோ தள்ளிப்போய் சிவப்பா நிக்குது. ஹேண்டோவர் தேதியும் அதோட போயாச்சு. விஷயம் என்னன்னா கடைசி சில ஃப்ளாட்ல கான்டியூட் (சுவருக்குள்ள வயர் போற குழாய்) வேலை முடியல, அது முடிஞ்சாதான் பிளாஸ்டரிங்னு ஷெட்யூல்ல லிங்க் இருக்கு, எம்எஸ்பில பழைய பிளானர் 'ஸ்ப்ளிட் இன்-ப்ராக்ரஸ் டாஸ்க்ஸ்' டிக்கை எடுத்து வெச்சிருந்தாரு, அதனால பிளாஸ்டரிங் அது பாட்டுக்கு ஓடுச்சு, பி6ல டீஃபால்ட் ரீடெயின்ட் லாஜிக், அதாவது பாதி நடந்த வேலையோட மிச்சமும் லிங்க்கை மதிக்கணும், கான்டியூட் முடியட்டும்னு உக்காந்துடுச்சு. கிளையண்ட் ஆளு ஒரு வார்த்தை பேசல. போனை எடுத்து ஸ்க்ரீனை போட்டோ எடுத்தாரு.

ஓஎம்ஆர்_பிஎம்ஓ
ஐயோ அண்ணா! எங்களுது ஐடி, கம்பெனி முழுக்க பொதுவா ஓடுற எம்எஸ் ப்ராஜெக்ட் சர்வர். இம்போர்ட் விசார்ட்ல பிளான்ல உள்ள ஆளுங்களை என்டர்பிரைஸ் பூல் (கம்பெனி மொத்த ஆளுங்க லிஸ்ட்) ஆளுங்களோட மேட்ச் பண்ணணும்ல, பிளான்ல வெறும் "செந்தில்", பூல்ல ஏகப்பட்ட செந்தில், யாரோ முதல்ல வந்தவரை கிளிக் பண்ணிட்டாங்க. திங்கக்கிழமை பேரோல்ல இருந்து ஒருத்தர் லேப்டாப்பை கையில தூக்கிட்டு மாடி ஏறி வந்தாரு. "மேடம், வெள்ளிக்குள்ள நான் டேட்டாபேஸ் அப்கிரேட் முடிக்கணுமாம், எனக்கு எக்செல்லே தகராறு." நிஜ செந்தில் டைம்ஷீட் காலியா இருக்கேன்னு சந்தோஷமா சும்மா இருந்திருக்காரு, யார்கிட்டயும் மூச்சு விடல.

பிளானிங்_பெருசு
கத்தார் தம்பி, ரீடெயின்ட் லாஜிக் சரியாத்தான் காட்டியிருக்கு, உங்க லாஜிக்தான் தப்பு. பாதி ஃப்ளாட்ல பிளாஸ்டரிங் ஆரம்பிக்க முடியும்னா அங்க எதுக்கு ஃபினிஷ்-டு-ஸ்டார்ட், முந்தினது முழுசா முடிஞ்சாதான் அடுத்ததுங்கிற லிங்க்? எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு, அதை விடுங்க. எல்லாருக்கும் சொல்றேன். முதல்ல பழைய சிஸ்டத்துல ஒரு கட்-ஆஃப் தேதி வரைக்கும் அப்டேட் முடிச்சு பூட்டுங்க. புதுசுல அதே தேதியை 'டேட்டா டேட்'னு (எந்த நாள் வரைக்கும் அப்டேட்னு சொல்ற தேதி) வைங்க. எஃப்9 தட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வேலைக்கும் ஆக்சுவல் ஸ்டார்ட், ரிமெய்னிங் டூரேஷன் ரெண்டையும் எக்செல்ல எடுத்து பழசோட ஒப்பிடுங்க, பர்சன்டேஜை மட்டும் நம்பாதீங்க, ஏன்னா டூரேஷன் பர்சன்ட்டும் (நாள் கணக்கு) பிசிக்கல் பர்சன்ட்டும் (நிஜமா முடிஞ்ச வேலை) வேற வேற. பேஸ்லைன் (முதல்ல ஒத்துக்கிட்ட பிளான்) வந்திருக்கான்னு தனியா பாருங்க. இன்னும் நல்லது, பாதியில நிக்கிற வேலை எதையும் கொண்டு வராதீங்க, முடிஞ்சதை அங்கயே விட்டுட்டு மிச்சத்தை மட்டும் புது வேலையா போடுங்க. சின்ன ப்ராஜெக்ட்னா மாத்தவே வேண்டாம், பழசுலயே முடிச்சிடலாம்.

ஷார்ஜா_சைட்
பெருசு சார், யாரு கேட்டா? 😀 முடிஞ்சதை அங்கயே விட்டுட்டா நாளைக்கு இஓடி கிளைம் (கூடுதல் டைம் கேக்கறது) போடும்போது எப்ப ஆரம்பிச்சோம் எப்ப நின்னுச்சுன்னு எதை வெச்சு காட்டுவீங்க? ஹிஸ்டரி கூடவே வரணும்.

எங்க கதை காலண்டர். 2022 ஜனவரில யுஏஇ மத்திய அரசு லீவு நாள் சனி ஞாயிறுன்னு மாறுச்சுல்ல, எங்க பழைய டேட்டாபேஸ்ல "6 டே" காலண்டர்னா வெள்ளி லீவு, ஹெட் ஆபீஸ் புது டேட்டாபேஸ்ல அதே பேர்ல இருந்ததுல ஞாயிறு லீவு. இம்போர்ட்ல 'கீப் எக்ஸிஸ்டிங்' கொடுத்தாங்க, பேர் ஒண்ணுதானே, சத்தமே இல்லாம அவங்களுது ஒட்டிக்கிச்சு. டோட்டல் டூரேஷன் பெருசா மாறாததால யாரும் கவனிக்கல. ஃபோர்மேன் லுக்-அஹெட் (அடுத்த சில வார வேலை லிஸ்ட்) பிரிண்டை கொண்டு வந்து ஸ்லாப் கான்கிரீட் வரியில விரலை வெச்சு, "சார், வெள்ளிக்கிழமை யாரு சார் வர்றது?"ன்னாரு. எங்க சப்-கான்ட்ராக்டருக்கு அப்பவும் வெள்ளிதான் லீவு.

ஓஎம்ஆர்_பிஎம்ஓ
ஷார்ஜா அண்ணா, அப்ப அந்த காலண்டரை பேரை மாத்தி திரும்ப இம்போர்ட் பண்ணீங்களா, இல்ல ஒவ்வொரு ஆக்டிவிட்டியா மாத்தினீங்களா? எங்களுக்கு அடுத்த மாசம் இன்னொரு பேட்ச் வருது.