வீட்டு குரூப்: 2.85 ஜிபிஏவோட மெடிக்கல் ஸ்கூல்

சனி, காலை 8:41
மாலதி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. அருண் இங்க அமெரிக்கால டிகிரி முடிச்சாச்சு, ஜிபிஏ (4க்கு சராசரி மார்க்) 2.85. மே மாசம் மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷன் திறக்குதாம். இந்த வருஷமே போட்டுடறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். சுதா, காலேஜ்ல ப்ரீ-மெட் பசங்களுக்கு நீதானே வழி சொல்றே, கொஞ்சம் சொல்லும்மா.

8:50
ரவி: மாலு, இதுக்கு ஏன் பதட்டம்? சி வாங்கின பாடத்தையெல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லு. டிஓ ஸ்கூல்ல (எம்டி மாதிரியே டாக்டர் படிப்பு, ஆஸ்டியோபதி) பழைய மார்க்கைத் தூக்கிட்டு புது மார்க்கை மட்டும்தான் எடுத்துக்குவாங்க.

8:58
சுதா: மாமா, அது 2017லயே நின்னு போச்சு. இப்போ எம்டிக்கு அப்ளிகேஷன் போடற ஆம்காஸ் ஆகட்டும், டிஓவுக்குப் போடற ஏகோமாஸ் ஆகட்டும், ஒரு பாடத்தை ரெண்டு தடவை எடுத்தா ரெண்டு மார்க்கும் கணக்குல ஏறும். 4 கிரெடிட் (பாடத்தோட எடை) ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி (2 பாயின்ட்), மறுபடி எடுத்து ஏ (4 பாயின்ட்) வாங்கினா அந்த 8 கிரெடிட்டுக்கு சராசரி 3.0. அவ்வளவுதான்.

8:59
ரவி: அப்படியா! சரி, வாபஸ் 🙏

9:04
சுதா: அருண், மொத்தம் எத்தனை கிரெடிட்?

9:05
அருண்: 120 அக்கா. இன்னும் ஒரு வருஷம் படிச்சு 3.5க்குக் கொண்டுவந்துட்டா ஆச்சு இல்ல?

9:13
சுதா: கணக்கைப் பாருடா. 120 பெருக்கல் 2.85, உன் கையில 342 பாயின்ட். இனி எடுக்கற எல்லாத்துலயும் 'ஏ' வாங்கறேன்னு வை. 3.0 தொட 18 கிரெடிட் போதும். 30 எடுத்தா 3.08. ஆனா 3.5 வேணும்னா 156 கிரெடிட் எடுக்கணும், அஞ்சு வருஷத்துக்கு மேல. அதனால 3.5ங்கற பேச்சையே விடு.
அதே 30 கிரெடிட்ல எல்லாம் பி பிளஸ் (3.3) வந்தா மொத்தம் 2.94. 3.0 கூட வராது.

9:14
அருண்: 😶

9:15
மாலதி: அப்போ வழியே இல்லையா சுதா?

9:24
சுதா: இருக்கு சித்தி. அப்ளிகேஷன் படிக்கறவங்க மொத்த நம்பரை மட்டும் பார்க்கறதில்ல. ஆம்காஸ் வருஷவாரியாப் பிரிச்சுக் காட்டும், டிகிரிக்கு அப்புறம் எடுக்கற பாடத்துக்குத் தனி வரிசை. அங்க 30, 40 கிரெடிட் சயன்ஸ் முழுக்க ஏயா இருந்தா "இவன் இப்போ வேற ஆளு"ன்னு தெரியும்.
சயன்ஸ் ஜிபிஏவும் தனி. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலும் சேர்ந்தது. 48 கிரெடிட்ல 2.5 இருந்தா 30 கிரெடிட் ஏ அதை 3.08க்குத் தூக்கிடும். மொத்தத்தை விட இது சீக்கிரம் நகரும். ஏகோமாஸ்ல மட்டும் சயன்ஸ் ஜிபிஏல கணக்குப் பாடம் சேராது.

9:31
அருண்: இந்தப் பாடங்களை எங்க எடுக்கறது? ரெண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜ்ல ஃபீஸ் கம்மி.

9:40
சுதா: சி-க்குக் கீழ வாங்கின அடிப்படைப் பாடம் இருந்தா அதை மட்டும் மறுபடி எடு. மத்தபடி பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, ஜெனடிக்ஸ், செல் பயாலஜி மாதிரி மேல்நிலைப் பாடங்கள், நாலு வருஷக் காலேஜ்ல. முதல் டிகிரி நாலு வருஷக் காலேஜ்ல சறுக்கிட்டு, மீட்பு மட்டும் கம்யூனிட்டி காலேஜ்லன்னா "சுலபமான இடம் தேடிப் போயிட்டான்"னு நினைக்க இடம் இருக்கு.
முதல் செமஸ்டர் ரெண்டே பாடம். ரெண்டும் ஏ வந்தா அடுத்த செமஸ்டர் 12லிருந்து 15 கிரெடிட். முழு பாரம் தாங்குவான்னு காட்டறதும் முக்கியம்.

9:44
ரவி: அதுக்கு முன்னாடி ஒண்ணு. மார்க் ஏன் கெட்டுதுன்னு அவனே உட்கார்ந்து எழுதணும். வேலை நேரமா, உடம்பா, படிக்கற முறையா? அந்தக் காரணம் அப்படியே இருக்கறப்போ புதுசா பணம் கட்டினா புதுசா ஒரு சிதான் வரும்.

9:46
மாலதி: இங்க ஒரு ஆன்ட்டி மாஸ்டர்ஸ் பண்ணச் சொன்னாங்க. எஸ்எம்பின்னு ஏதோ.

9:57
சுதா: ஸ்பெஷல் மாஸ்டர்ஸ். பல இடத்துல மெடிக்கல் ஸ்கூல் முதல் வருஷப் பாடத்தையே ஒரு வருஷத்துல ஓட்டுவாங்க. ஆனா அது கிராஜுவேட் மார்க், தனிக் கணக்கு. 2.85 ஒரு புள்ளி கூட ஏறாது. சில ஸ்கூல்கள் ஜிபிஏ ஒரு அளவுக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரே தள்ளிடும், எஸ்எம்பி மார்க்கை ஒரு மனுஷன் பார்க்கறதுக்கு முன்னாடியே. அதனால முதல்ல அண்டர்கிராஜுவேட் பாடம் எடுத்து 3.0 தாண்டட்டும், எஸ்எம்பி அப்புறம்.
அது கடைசிச் சீட்டு. அங்கயும் பி வரிசையா விழுந்தா, மெடிக்கல் ஸ்கூல் பாடத்துலயே தடுமாறினான்னு எழுத்துல ஆதாரம் கொடுத்த மாதிரி ஆயிடும்.

10:02
ரவி: கடனையும் பாரு மாலு. 2026 ஜூலை 1லிருந்து புதுசா வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ்ங்கற அரசாங்கக் கடன் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 20,500 டாலர், மெடிக்கல் ஸ்கூலுக்கு 50,000, அதுவும் மொத்தம் 2,00,000 வரைக்கும்தான். மீதி தனியார் கடன், கையெழுத்து உன்னுது.

10:10
அருண்: எம்கேட் நுழைவுத் தேர்வு நல்லா பண்ணிட்டா ஜிபிஏவை மறைச்சிடலாம்னு சொல்றாங்களே மாமா?

10:19
ரவி: மறைக்காது. கூட நிக்கும். 472லிருந்து 528 வரைக்கும் மார்க். எம்டில சேர்றவங்க சராசரி 511க்கு மேல, அவங்க ஜிபிஏ 3.7க்கு மேல. உன் ஜிபிஏவுக்கு 511 எடுத்தா "பரவாயில்லை", அதுக்கு மேல எடுத்தாத்தான் நிமிர்ந்து பார்ப்பாங்க. நாலு பகுதிக்கும் தலா 118லிருந்து 132. ஒண்ணுல மட்டும் பள்ளம் விழாம பார்த்துக்கோ.
ஒரு வருஷத்துல 3 தடவை எழுதலாம், ரெண்டு வருஷத்துல 4, ஆயுசுக்கு 7. புக் பண்ணிட்டுப் போகாம விட்டாலும் ஒரு தடவைதான். மார்க் வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்.

10:23
சுதா: எல்லாரும் தப்பு பண்றது வரிசைலதான். இப்பவே எம்கேட் எழுதி வச்சுட்டு ரெண்டு வருஷம் பாடம் எடுப்பாங்க. பெரும்பாலான ஸ்கூல்கள்ல மார்க் ரெண்டு மூணு வருஷம்தான் செல்லும், அப்ளிகேஷன் போடற நேரத்துல காலாவதி. பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டு எழுது. எம்கேட் நடத்தற ஏஏஎம்சியோட முழுநீளப் பயிற்சித் தேர்வுல கடைசி மூணும் இலக்கைத் தொட்ட பிறகு தேதி எடு. "அன்னிக்கு ஏறிடும்"ங்கறது ஏறாது.

10:30
மாலதி: கரீபியன் தீவு மெடிக்கல் ஸ்கூல்ல உடனே சீட் கொடுக்கறாங்களாமே அண்ணா?

10:38
ரவி: கொடுப்பாங்க. அவங்க சொல்ற ரெசிடென்சி (டாக்டர் படிப்பு முடிச்சதும் ஆஸ்பத்திரில எடுக்கற பயிற்சி) சதவீதத்தை நம்பாதே. கடைசி வரைக்கும் வந்தவங்களை மட்டும் வச்சுப் போட்ட கணக்கா இருக்கும். "முதல் செமஸ்டர்ல உட்கார்ந்தவங்க எத்தனை பேர், அதுல ரெசிடென்சி கிடைச்சது எத்தனை பேருக்கு"ன்னு கேளு. பதில் வராத இடத்துக்குப் போகாதே. 2022 ஜனவரிலிருந்து ஸ்டெப் 1ங்கற டாக்டர் லைசென்ஸ் தேர்வு வெறும் பாஸ், ஃபெயில். அதுல பெரிய மார்க் எடுத்துக் காட்டற வழியும் அடைஞ்சு போச்சு.
இங்கயே டிஓ கிடைச்சா அது ஆயிரம் மடங்கு மேல். 2020லிருந்து எம்டி, டிஓ ரெண்டுக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒண்ணுதான்.

10:44
அருண்: நாம டெக்சாஸ் ரெசிடென்ட். ஃப்ரெஷ் ஸ்டார்ட்னு பழைய மார்க்கை அழிக்கற சட்டம் இருக்காமே?

10:52
சுதா: இருக்கு, 10 வருஷம் பழைய பாடத்துக்கு. நீ நேத்துதான் முடிச்சே 😄 உனக்கு உதவற விஷயம் வேற. டெக்சாஸ் பொது மெடிக்கல் ஸ்கூல்கள்ல 90 சதவீத இடமாவது டெக்சாஸ் ஆளுங்களுக்குத்தான். அதுக்கு அப்ளிகேஷன் போடற டிஎம்டிஎஸ்ஏஎஸ்ல பிளஸ், மைனஸ் கிடையாது. ஏ மைனஸ் முழு 4.0. ஆனா பி பிளஸ் 3.0க்கு இறங்கிடும். உன் மார்க்ஷீட்ல எது அதிகம்னு பாரு.

11:05
அருண்: அப்ளிகேஷன் கட்டுரைல மார்க் ஏன் கம்மின்னு விளக்கணுமா?

11:14
சுதா: ஆம்காஸ்ல 5,300 எழுத்து, இடைவெளி உட்பட. அதுல மார்க்குக்கு மூணு வரிக்கு மேல கொடுக்காதே. "முதல் ரெண்டு வருஷம் வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன், படிப்பு சரிஞ்சது. வேலையை 10 மணி நேரமாக் குறைச்சேன். அதுக்கப்புறம் 34 கிரெடிட், 3.9." இந்த மாதிரி. காரணம், மாத்தினது, விளைவு. பேராசிரியரைக் குறை சொல்ற வரி ஒண்ணு கூட வேண்டாம். அகடமிக் ப்ரொபேஷன் (மார்க் கம்மின்னு காலேஜ் கொடுக்கற எச்சரிக்கை) இருந்திருந்தா காலேஜ்ல அது எப்படிப் பதிவாயிருக்குன்னு கேட்டுக்கோ, கேள்வி வந்தா மறைக்காதே.

11:20
மாலதி: அப்போ இந்த வருஷம் வேண்டாம்ங்கறே.

11:26
சுதா: வேண்டாம் சித்தி. இன்னிக்குப் போட்டா ஸ்கூல் பார்க்கப்போறது 2.85 மட்டும்தான். பணமும் போகும், அடுத்த தடவை "ஏற்கனவே போட்டவன்"ங்கற முத்திரையும் விழும். தயாராகற வருஷத்துல மட்டும் மே கடைசிலயே அனுப்பிடணும். ஆம்காஸ் மார்க்கைச் சரிபார்க்கவே சில வாரம் ஆகும், இன்டர்வியூ இடம் முன்னாடி வந்தவங்களுக்கே போயிடும்.
அருண், இன்னிக்கு வேலை: படிச்ச ஒவ்வொரு காலேஜ் மார்க்ஷீட்டையும் எடுத்து ஒரு ஷீட்ல போடு. ஹைஸ்கூல்லயே எடுத்த காலேஜ் பாடமும் (டூயல் கிரெடிட்) சேரும். ஒண்ணு விட்டாலும் அப்ளிகேஷன் திரும்பி வரும்.

மாலை 4:47
அருண்: போட்டாச்சு அக்கா. சயன்ஸ் 47 கிரெடிட், 2.45.

4:51
சுதா: ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) சேர்த்தியா?

4:52
அருண்: அது சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல எடுத்தது. 3 கிரெடிட், ஏ.

4:53
சுதா: டிபார்ட்மென்ட் பேரைப் பார்க்காதே, பாடம் என்னன்னு பாரு. ஸ்டாட்ஸ்னா கணக்கு.

4:55
அருண்: சேர்த்தா 50 கிரெடிட், 2.54 🙂

4:56
ரவி: டபிள்யூ (பாதில விட்ட பாடம்) எதையும் எஃப்னு (ஃபெயில்) போட்டு வைக்கலையே?

4:58
அருண்: ஒண்ணு போட்டிருக்கேன் மாமா. இருங்க, மாத்தறேன்.