ஸ்ட்ரீட் ஃபைட்டரில் சரியாக வரும் ஹடோகென், ஸ்மாஷில் சிவப்பாக வருகிறது: உதவி தேவை

கட்டைவிரல்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் ரியுதான் நான் ஆடும் ஆள். ஆரம்பத்தில் முன்னே நடந்துகொண்டே ஹடோகென் (கையிலிருந்து எறியும் நீலப் பந்து) போட்டால் ஷோரியுகென் (மேலே எழும்பிக் குத்தும் அடி) வந்துவிடும். எதிராளி தூரத்தில் நிற்பான், ரியு வெறும் காற்றைக் குத்திவிட்டு இறங்குவான், இறங்குவதற்குள் அடி விழுந்துவிடும். கன்ட்ரோலரில் திசையைப் பின்பக்கத்தில் ஆரம்பித்து, கீழ் வழியாக முன்பக்கம் வரை அரைவட்டமாக உருட்டிப் பார் என்று ஓர் அண்ணன் சொன்னார், அதோடு தொல்லை தீர்ந்தது, கையும் பழகிவிட்டது.

போன வாரம் தங்கையோடு ஸ்விட்சில் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆட உட்கார்ந்தேன். அதே ரியு, அதே உருட்டல், ஆனால் நீலப் பந்துக்குப் பதிலாகச் சிவப்பு நெருப்புப் பந்து போகிறது. பின்வாங்கும்போது போட்டால் பெரும்பாலும் சிவப்புதான். கன்ட்ரோலர் மாற்றியும் அதே கதை. எது வரும் என்று தெரியாமல் எப்படி ஆடுவது?

பழையகாயின்:
தம்பி, கன்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சிவப்புப் பந்துக்குப் பெயர் ஷகுனெட்சு ஹடோகென். 1993-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அதற்கு இன்புட்டே (அழுத்த வேண்டிய வரிசையே) பின்னாலிருந்து முன்னுக்கு அரைவட்டம் உருட்டி பஞ்ச். 2015-ல் ரியுவை ஸ்மாஷுக்குக் கொண்டுவந்தவர்கள் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரியுவிடம் அந்த மூவ் இல்லை, அதனால் அரைவட்டத்தின் கடைசிப் பகுதியான கீழ், கீழ்-முன், முன் மட்டும் கணக்கில் வந்து சாதாரண ஹடோகென் கிடைக்கிறது. நீங்கள் கற்ற தந்திரம் அங்கே தீர்வு, இங்கே அது வேறொரு மூவ்.

முன்பு ஷோரியுகென் வந்ததற்கும் காரணம் இதே மாதிரிதான். நடப்பதற்காக முன் அழுத்தியிருக்கிறீர்கள், அதோடு கீழ், கீழ்-முன் சேர்ந்தால் அது ஷோரியுகென் இன்புட்.

ஸ்மாஷில் என்ன செய்யலாம்: ஸ்டிக்கை ஒரு கணம் நடுவுக்கு வர விடுங்கள், அப்புறம் நேராகக் கீழே தள்ளி அங்கிருந்து முன்னால் உருட்டுங்கள். பின்வாங்கும்போது ஸ்டிக் ஏற்கெனவே பின்பக்கம்தான் இருக்கிறது, அங்கிருந்தே உருட்டினால் அது அரைவட்டம் ஆகாமல் என்ன ஆகும்?

நீலக்கச்சை:
இன்னொன்று சேர்க்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் டி-பேட் (சிலுவை வடிவத் திசை பட்டன்) பிடித்தவர் என்றால் ஸ்மாஷில் கஷ்டம்தான், அங்கே டி-பேடில் நடக்கவே முடியாது, ஸ்டிக் மட்டும்தான். கட்டைவிரல் கொஞ்சம் அதிகமாக வளைந்தாலும் மூவ் மாறும். அவசரத்தில் உருட்டாமல் வெறும் ஸ்பெஷல் பட்டன் தட்டினாலும் நீலம் வரும், அடி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். லைட், மீடியம், ஹெவி என்று மூன்று பஞ்ச் பட்டன் அங்கே கிடையாது, பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அதை வைத்துப் பந்தின் வேகம் மாறும்.

ஷோரியுகெனையும் புதிதாகப் பழகுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குதித்து வருபவரை அடிக்கிற மூவ் அது. ஸ்மாஷில் மேடையை விட்டுத் தூக்கி எறியப்பட்டால் திரும்பி ஏறவும் அதுதான் கை கொடுக்கும். அதை வீணாக்கிவிட்டு விழுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

பழையகாயின்:
சரியாகச் சொன்னீர்கள். இடம் மாறும்போது மூவின் வேலையும் மாறுவது புதிதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவில் ஷின்கூ ஹடோகென் பல அடி அடிக்கும் ஒரு பந்து, 1996-ல் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அதே பெயர் திரையைக் கிழித்துக்கொண்டு போகும் ஒளிக்கற்றை. டெக்கன் 7 என்ற இன்னொரு சண்டை கேமில் அகுமா எறியும் கோஹடோகென் பந்துக்கு எதிராளி பக்கவாட்டில் ஒரு அடி விலகினால் போதும், ஏனென்றால் அந்த மேடைக்கு ஆழம் உண்டு.

கட்டைவிரல்:
ரொம்ப நன்றி அண்ணா. நேற்று ட்ரெயினிங்கில் அரைமணி நேரம் ஸ்டிக்கை நடுவில் விட்டு, கீழே தள்ளி, முன்னால் உருட்டினேன். முதல் பத்து நிமிடம் விரல் தானாகப் பின்னுக்கே ஓடியது, அப்புறம் நீலம் வர ஆரம்பித்தது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: தங்கையோடு இரண்டு பேர் ஆடும்போது ரியு எப்போதும் அவளைப் பார்த்தே நிற்கிறான். நான்கு பேர் ஆடினால் திரும்புவதே இல்லை, பந்து ஆளில்லாத பக்கம் போகிறது.

நீலக்கச்சை:
தானாகத் திரும்புவது ஒருவருக்கு ஒருவர் மோதும்போது மட்டும்தான். நான்கு பேர் இருந்தால் அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அதுதான் முன். உருட்டும் முன் எதிராளி பக்கம் ஒரு சின்னத் தட்டு தட்டித் திருப்புங்கள், ஸ்டிக் நடுவுக்கு வரட்டும், பிறகு கீழே.