அலையாத்திக் காட்டு வேட்டை விலங்கு: எங்கே இடிக்கிறது?

நெய்தல்வாசி:
கதைக்காக ஓர் உலகம் உருவாக்குகிறேன். வெப்பமண்டலக் கழிமுகம், அலையாத்திக் காடு, தினம் இருமுறை ஓதம் (கடல் ஏற்றவற்றம்). அங்கே 4 மீட்டர் நீள வேட்டை விலங்கு ஒன்று. பல்லி வடிவ நீர்நில வாழ்வியான ஜப்பானிய ராட்சத சாலமாண்டரை அடிப்படையாக எடுத்திருக்கிறேன்: வழவழத்த தோல், தோல்வழி மூச்சு, வாய் திறந்ததும் இரை உள்ளே உறிஞ்சப்படும். கரையேறி மானையும் துரத்திப் பிடிக்க வேண்டும். சரிவருமா?

கழிமுகன்:
முதலில் உப்பு. ஈரத்தோல் வழியே உடம்புத் தண்ணீர் உவர்நீருக்குக் கசிந்து, விலங்கு வற்றிப்போகும். தென்கிழக்காசியாவின் நண்டு தின்னும் தவளை இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிவைத்து, தண்ணீர் கசிவதைத் தடுத்து அலையாத்திக் காட்டில் சமாளிக்கிறது. அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. ராட்சத சாலமாண்டர் சுமார் 1.5 மீட்டர்தான். குளிர்ந்த ஆற்றோட்டத்தில் ஆக்சிஜன் தாராளம், விலாவில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், அதனால் அதற்குக் கட்டுப்படியாகிறது. நீளம் இரட்டித்தால் தோல்பரப்பு 4 மடங்கு, எடையோ 8 மடங்கு. வெதுவெதுப்பான சேற்றுநீரில் தோலை நம்பினால் மூச்சுமுட்டிச் சாகும். நல்ல நுரையீரல் கொடுங்கள்.

தாடையெலும்பு:
இரையை எங்கே கொல்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், நண்பரே. மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. வாய்க்குழியை விரித்தால் தண்ணீரோடு மீனும் வரும். கரையில் வெறும் காற்றுதான் வரும். உறிஞ்ச அகலமான தட்டை மண்டை வேண்டும், மானைக் கவ்வி இழுக்க முறுக்கு தாங்கும் உயர்ந்த மண்டை வேண்டும். இரண்டையும் உச்சத்தில் வைக்க முடியாது.

துரத்தலை விடுங்கள். குளிர்இரத்த விலங்குக்குச் சில நொடிப் பாய்ச்சல்தான். பிறகு தசை ஓய்ந்துவிடும். நீர்விளிம்பில் பதுங்கி, கவ்வி, உள்ளே இழுக்கட்டும். முதலைக்கு இருப்பதுபோல் நாக்கின் வேர்ப்பகுதியில் தொண்டையை அடைக்கும் மடிப்பு கட்டாயம். இல்லையென்றால் மானை மூழ்கடிக்கும்போது இதன் தொண்டையிலும் தண்ணீர் ஏறும்.

நெய்தல்வாசி:
பதுங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. கலங்கல் நீரில், இரவில், இரையை எப்படி அறியும்?

தாடையெலும்பு:
கண் கரைக்கு மட்டும். நீருக்குள் கருவிழிப் படலத்தால் ஒளியைக் குவிக்க முடியாது. முதலைக்கே அங்கே பார்வை மங்கல். அதன் தாடையோரம் மிளகுப்பொடி தூவியதுபோல் உணர்புள்ளிகள் இருக்கும். மானின் கால் பட்டு எழும் சிற்றலை போதும், தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். இதற்கும் அப்படியே வையுங்கள், நீர்மட்டத்தை ஒட்டி.

கழிமுகன்:
முட்டையை விட்டுவிட்டோமே! ஓடில்லாத முட்டை உவர்நீரில் பிழைப்பது கடினம். மேட்டிலுள்ள மழைக்குட்டைகளில் இடட்டும். மழை பொய்த்த வருடம் குட்டை வற்றி, ஒரு தலைப்பிரட்டைகூட மிஞ்சாது. அதை ஈடுகட்ட ஆயுளை நீட்டுங்கள், 40 வருடமாவது.