உள்ளங்கை வியர்வை: பட்டு ரவிக்கையைத் தொடவே பயமாக இருக்கிறது

ஆரி ஊசி, குடியாத்தம் (ஏப்ரல் 27)

எனக்கு 26 வயது. வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, செய்கிறேன், பெரும்பாலும் கல்யாண ரவிக்கைகள். இந்தத் தொழிலுக்கு எது ஆகவே ஆகாதோ அது என் கையிலேயே இருக்கிறது. இரண்டு உள்ளங்கையும் வியர்க்கும். கசகசப்பு என்றால் பரவாயில்லை, இது சொட்டும். கையைக் கவிழ்த்துப் பிடித்தால் விரல் நுனியில் துளி கட்டி விழும், உட்கார்ந்து எண்ணலாம். உள்ளங்காலும் அப்படித்தான். நான் நடந்து போன தடம் சிமெண்டுத் தரையில் தெரியும்.

வெயிலால் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்துக் கத்திரியில் யாருக்குத்தான் வியர்க்காது? எனக்கு மார்கழி விடியற்காலையில் கோலம் போடும்போதும் மாவு விரலில் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் விடைத்தாள்மேல் கைக்குட்டையை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதினேன். பிட் ஒளித்திருக்கிறேன் என்று நினைத்த மேற்பார்வையாளர் கைக்குட்டையைப் பிடுங்கினார், பிடுங்கிய வேகத்திலேயே கீழே போட்டுவிட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ரேஷன் கடையில் விரல் ரேகை விழாது. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து நாலாவது, ஐந்தாவது தடவை வைத்தால்தான் மெஷின் ஏற்கும். அதற்குள் பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும்போது டம்ளர் வழுக்கியது. "ரொம்பப் பயந்த சுபாவம் போல" என்றார்கள். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. தனியாக டிவி பார்க்கும்போதும் வியர்க்கிறது. ஆனால் வியர்த்துவிடுமோ என்று நினைத்த மாத்திரத்தில் இன்னும் கூடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எழுதக் காரணம் ஒரு வெந்தய நிறப் பட்டு ரவிக்கை. வைகாசி முகூர்த்தத்துக்கு வந்தது. ரவிக்கையின் கை முழுக்கக் குந்தன் கல், பீட்ஸ் வைத்து முடித்து ஃபிரேமிலிருந்து கழற்றிப் பார்த்தால் முதுகுப் பக்கம் நாலு இடத்தில் தண்ணீர்க் கறை, ஓரம் பழுப்பாக. என் கை அடிப்பகுதி ஊன்றியிருந்த இடங்கள். வெளிர் நிறப் பட்டில் அது போகவே போகாது. துணிக்குக் காசு கொடுத்தேன், பதினோரு நாள் வேலையும் போச்சு.

படிகாரத் தண்ணீர், டீத்தண்ணீர் இரண்டிலும் கை ஊறவைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரம் தாங்கும். பவுடர் போட்டால் பட்டில் வெள்ளையாக இறங்குகிறது. ஒரு கிளினிக்கில் காட்டினேன். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நரம்பை வெட்டிவிட்டால் தீர்ந்தது, ஒரு நாள்தான்" என்றார் டாக்டர். ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. அண்ணன் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறான். செய்துகொள்ளலாமா? இதோடு வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெட்டிவேர் (ஏப்ரல் 27)

உடம்புச் சூடுதான். தினமும் மோர் குடியுங்கள், காலையில் இளநீர். சரியாகிவிடும்.

அப்பர் தையல், ஆம்பூர் (ஏப்ரல் 28)

மோர் நல்லதுதான் சார், பதினைந்து வருஷமாக நானும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கை காயவில்லை.

தங்கச்சி, நான் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவன். வெளிர் நிறத் தோலில் ஈரக் கை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூப்பர்வைசர் என்னைக் கறுப்பு ஷூ லைனுக்கு மாற்றிவிட்டார், அதுவே எனக்குப் பெரிய வைத்தியமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ரொம்பப் படிகள் இருக்கின்றன. முதல் படி, அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 20 சதவீத லோஷன். உங்கள் படிகாரமும் அலுமினிய உப்புதான், அதனால் பாட்டி வைத்தியம் முழுக்கத் தப்பும் இல்லை. இது வியர்வைத் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பு மாதிரி நிற்கும். ராத்திரி படுக்கும்போது தடவி, காலையில் கழுவ வேண்டும். தூக்கத்தில் நமக்கு வியர்க்காது, அதனால் மருந்து கரைந்து ஓடாமல் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். குளித்துவிட்டு வந்த ஈரக் கையில் தடவினேன். தண்ணீரோடு சேர்ந்தால் அது அமிலமாக மாறும் என்று யாரும் சொல்லவில்லை. மிளகாய் அரைத்த கை மாதிரி ராத்திரி முழுக்க எரிச்சல், மருந்தே வேண்டாம் என்று மூன்று மாதம் தூக்கிப் போட்டுவிட்டேன். கை காய்ந்து, அதற்கு மேலும் ஃபேனடியில் கொஞ்ச நேரம் நீட்டி வைத்திருந்து, அப்புறம்தான் தடவ வேண்டும். வெட்டு, கீறல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். (ஊசி குத்தாத நாள் உங்களுக்கு உண்டா என்பது வேறு விஷயம்.) முதலில் தினம், காய ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

உள்ளங்கைத் தோல் தடிப்பு. அதனால் அக்குளில் கேட்கிற அளவுக்குக் கையில் இந்த லோஷன் கேட்காது. எனக்குப் பாதிதான் குறைந்தது. மீதியைக் குறைத்தது தண்ணீர்த் தட்டு மெஷின். அயன்டோபோரசிஸ் என்பார்கள். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், தட்டுக்கு ஒன்றாக இரண்டு கையும், லேசான கரண்ட், 20 முதல் 30 நிமிஷம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மோதிரம், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும், கீறல் இருந்தால் மேலே வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். வாரம் மூன்று தடவை. எனக்கு ஆறாவது தடவை வரை ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எட்டாவது நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது கை வழுக்கவில்லை. அப்புறம் வாரம் ஒரு தடவை போட்டுக்கொண்டால் நிற்கிறது, விட்டால் திரும்பி வந்துவிடும். அதற்கு வாங்கும் காசைவிட வேலூருக்குப் பஸ் செலவும் அரைநாள் சம்பளமும்தான் கையைக் கடித்தன.

கேஷ் கவுண்டர், சத்துவாச்சாரி (ஏப்ரல் 28)

அந்த ஆபரேஷன் செய்துகொண்டவன் நான். செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தெரிந்து செய்யுங்கள்.

அக்குள் பக்கம் சின்னத் துளை போட்டு, மார்புக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புச் சங்கிலியில் ஒரு இடத்தில் வெட்டுவார்கள், இல்லை கிளிப் போடுவார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது என் கை காய்ந்திருந்தது. அதுவரை அப்படி ஒரு கை எனக்கு இருந்ததே இல்லை. அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் அந்த வியர்வை வேறு வழி தேடிக்கொண்டது. முதுகு, வயிறு, தொடை. பாலாற்றில் தண்ணீர் ஓடி எத்தனையோ நாளாச்சு, என் முதுகில் தினம் ஓடுகிறது. மே மாதம் வேலூரில் 105 டிகிரியைத் தாண்டும்போது மதியத்துக்கு ஒரு மாற்றுச் சட்டை பையில் இருக்கும். வெளிர் நீலச் சட்டை போடுவதையே விட்டுவிட்டேன். ஈடுகட்டும் வியர்வை என்று இதற்குப் பெயர். பலருக்கு வரும், சிலருக்கு லேசாக, சிலருக்கு என்னைப் போல. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வந்தால் திருப்புவதும் பெரும்பாலும் முடியாது. கால் வியர்வையும் அப்படியே இருக்கிறது.

முன்னால் ரூபாய் நோட்டு என் கையில் நனையும். இப்போது கை அவ்வளவு வறட்சி, நோட்டு எண்ண ஸ்பாஞ்சில் விரலை நனைத்துக்கொள்கிறேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும்தான்.

சிஸ்டரம்மா, காட்பாடி (ஏப்ரல் 29)

ஓய்வு பெற்ற நர்ஸ் நான், கண்ணு. நீ எழுதியதில் ஒன்றைத் தேடினேன், காணவில்லை: தூங்கும்போது வியர்க்கிறதா? ஆம்பூர்த் தம்பி தனக்கு இல்லை என்கிறார். நீ உன்னைக் கவனி. சின்ன வயதில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தூக்கத்தில் நின்றுவிடுகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் இது தனி வியர்வை, வேறு நோயின் நிழல் இல்லை. சுரப்பி எல்லாருக்கும் இருக்கிற அளவுதான், நரம்பு கொடுக்கும் ஏவல்தான் அதிகம். ஆனால் ராத்திரியில் பாய் நனைந்தால், உடம்பு இளைத்தால், சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் காசநோயைப் பார்க்க வேண்டும். படபடப்பும் இளைப்பும் இருந்தால் தைராய்டு. சில மாத்திரைகளும் வியர்க்க வைக்கும். அதனால் கத்திக்கு முன்னால் தோல் டாக்டர், ஒரு ரத்தப் பரிசோதனை.

மாத்திரையும் இருக்கிறது, கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் என்று. உடம்பு முழுக்கவே வியர்வையைக் குறைக்கும். நாக்கு வறளும், பார்வை மங்கலாம், சிறுநீர் தேங்கலாம். நம் ஊர் வெயிலில் வியர்க்காத உடம்பு கொதித்துப்போகும், அதை மறக்காதே. டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போடக் கூடாது. போடாக்ஸ் ஊசி நாலு முதல் ஆறு மாதம் தாங்கும், ஆனால் உள்ளங்கை முழுக்கப் பல இடத்தில் குத்துவார்கள், வலி அதிகம். சில வாரம் விரல் பிடிமானமும் குறையலாம். ஆரி ஊசி பிடிக்கிற கைக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். தண்ணீர்த் தட்டு மெஷின், கர்ப்பம் இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ கூடாது.

நான் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். அங்கே நாங்கள் பயந்தது வியர்க்காத தோலுக்கு. தேமல் இருக்கிற இடம் வியர்க்காது, உணர்ச்சியும் இருக்காது. கால் பாளம் பாளமாக வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் புண் தொடங்கும். தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவச் சொல்லிக் கொடுப்போம். நெற்றியில் வியர்வை அரும்பினால்கூடச் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உன் கஷ்டம் சின்னது என்று சொல்ல வரவில்லைம்மா, உன் ரவிக்கை போனது போனதுதான். ஏனோ நீ எழுதியதைப் படித்ததும் அவர்கள் ஞாபகம் வந்தது.

ஆரி ஊசி, குடியாத்தம் (ஜூன் 22)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. கெங்கையம்மன் சிரசு திருவிழா, வீடு நிறைய விருந்தாளிகள், அதற்குப் பின்னால் ஆர்டர்கள்.

சிஸ்டரம்மா, தூக்கத்தில் வியர்க்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவை இரண்டு ராத்திரி விழித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். காய்ந்துதான் இருக்கிறதாம். அப்போதுதான் அம்மா சொன்னாள், தாத்தா தறியில் உட்காரும்போது மடியில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பாராம், நூல் ஓட்டும் நாடாவை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கை துடைப்பாராம். லுங்கி நெய்தவர். பருத்தி என்பதால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வேறொரு தோல் டாக்டரிடம் போனேன், பெண் டாக்டர். தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது. லோஷன் மூன்றாவது வாரமாகப் போடுகிறேன், மெஷினில் ஒன்பது தடவை ஆகிவிட்டது. முழுக்க நிற்கவில்லை. சொட்டுவது நின்றிருக்கிறது. கசகசப்பு இருக்கிறது, அதைச் சமாளிக்க முடிகிறது. விடியற்காலை நாலரைக்கே ஃபிரேமில் உட்கார்ந்துவிடுகிறேன், பத்து மணிக்கு மேல் வெளிர் நிறத்தைத் தொடுவதில்லை. கை ஊன்றும் இடத்தில் பட்டர் பேப்பர் வைத்துப் பின் குத்திக்கொள்கிறேன், வேலை நகர நகர அதுவும் நகரும். ஃபிரேமுக்கு அடியில் நூல் பிடிக்கும் இடது கைதான் தொல்லை, நூல் ஈரமானால் ஊசியில் சிக்குகிறது. அந்தக் கைக்கு விரல் நுனி வெட்டிய பருத்திக் கையுறை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு அம்மா மட்டும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. அண்ணன் அந்தக் கடன் காசில் பழைய வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டான்.

ஆம்பூர் அண்ணா, ஒரு சந்தேகம். கால் இன்னும் அப்படியே இருக்கிறது, ரப்பர் செருப்பு வழுக்குகிறது. அதே தட்டில் காலையும் வைக்கலாமா? தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும்?

அப்பர் தையல், ஆம்பூர் (ஜூன் 22)

வைக்கலாம் தங்கச்சி, காலுக்கொரு தட்டு. கணுக்கால் வரை ஊற்றிவிடாதீர்கள், பாதத்தின் அடிப்பக்கம் நனைகிற அளவு போதும். கொலுசையும் மெட்டியையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். அட, மெட்டி இன்னும் இல்லையோ. கொலுசு மட்டும்.