ஜப்பான் பயணம்: அம்மாவுடன் தங்குவதற்கு ஹோட்டலா, ஹாஸ்டலா?

கேள்வி: பொன்னிநதி

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் நானும் என் அம்மாவும் ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவில் நான்கு இரவு, கியோத்தோவில் நான்கு இரவு, ஒசாகாவில் இரண்டு இரவு என்று திட்டமிட்டிருக்கிறோம். எனக்கு 34 வயது, அம்மாவுக்கு 63. இருவரும் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. ஆனாலும் இடையிடையே உட்கார இடம் கிடைத்தால் நாள் முழுவதும் நடந்துவிடுவார்.

தங்குமிடம் எது என்பதில்தான் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். ஹாஸ்டலில் கட்டணம் குறைவு, பொதுச் சமையலறையும் இருக்கிறது என்பதால் ஒரு வேளையாவது ரசமும் சோறும் வைத்துச் சாப்பிடலாம் என்று தோன்றுகிறது. ஹோட்டலில் தனியறையும் தனிக் குளியலறையும் கிடைக்கும், ஆனால் சமைக்க வழியில்லை. ஹாஸ்டல் என்றதும் அம்மா என் கல்லூரி விடுதியை நினைத்துக்கொண்டு, "இந்த வயதில் நான் ஏன் அங்கே போய்ப் படுக்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் முதன்முறையாக வெளிநாடு வருகிறார். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அவரை வருத்த எனக்கு மனமில்லை. பெற்றோரை அழைத்துச் சென்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வடகரை

வணக்கம் சகோதரி. நான் யோகோஹாமாவில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். என் பெற்றோரை ஒரு முறையும் மாமியாரை ஒரு முறையும் கியோத்தோவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். தயக்கமின்றிச் சொல்கிறேன்: அம்மாவுடன் செல்வதால் பொது அறைப் படுக்கை வேண்டாம். பெரும்பாலான ஹாஸ்டல்களில் ஈரடுக்குக் கட்டில்கள்தாம் இருக்கும். கீழ்ப் படுக்கை வேண்டுமென்று முன்கூட்டியே எழுதினாலும், அது உறுதியாகக் கிடைக்கும் என்று எல்லா இடத்திலும் சொல்ல மாட்டார்கள். மூட்டுவலி உள்ளவர் நள்ளிரவில் இரும்பு ஏணியில் இறங்கிக் கழிப்பறைக்குச் செல்வதை நினைத்துப் பாருங்கள்.

இருவராகச் செல்லும்போது கட்டணக் கணக்கும் மாறிவிடுகிறது. ஹாஸ்டலில் ஆளுக்கொரு படுக்கை என்று இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் பிசினஸ் ஹோட்டல்களில் (சிறிய அறைகள் கொண்ட எளிய ஹோட்டல்கள்) இருவர் தங்கும் அறையை முன்னதாகப் பதிவு செய்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நாம் நினைக்கும் அளவுக்கு இருப்பதில்லை. டோயோகோ இன் போன்ற சில நிறுவனங்களில் காலை உணவும் கட்டணத்திலேயே அடங்கும். அதில் உங்களுக்குச் சோறும் ரொட்டியும் காய்கறிக் கலவையும் கிடைக்கலாம்.

பதிவு செய்யும்போது 'ட்வின்', அதாவது இரண்டு தனிக் கட்டில்கள், என்று குறிப்பிட்ட அறையைத்தான் எடுக்க வேண்டும். 'செமி டபுள்' என்பது 120 முதல் 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே கட்டில். அதை இருவருக்கான அறை என்றே விற்கிறார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று நானும் ஒரு முறை எடுத்து, என் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கியோத்தோவில் பழைய மர வீடுகளை விருந்தினர் இல்லமாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க மிக அழகானவை. ஆனால் படிகள் செங்குத்தானவை, லிப்ட் இருக்காது, தாதாமிப் பாயின் மேல் மெத்தை விரித்துத் தரையில்தான் படுக்க வேண்டும். நம் வீட்டில் பாயில் படுத்துப் பழகியவர்களுக்குக்கூட மூட்டுவலி வந்த பிறகு தரையிலிருந்து எழுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பதில்: மலைப்பாதை

வடகரை அவர்கள் பொது அறை வேண்டாம் என்று சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஹாஸ்டல் என்றாலே பொது அறைதான் என்று முடிவு செய்துவிட வேண்டாம். டோக்கியோவிலும் கியோத்தோவிலும் பல ஹாஸ்டல்களில் இரண்டு தனிக் கட்டில்கள் கொண்ட தனியறைகள் உண்டு. குளியலறை மட்டும் பொதுவாக இருக்கும். அதுவும் நான் தங்கிய இடங்களில் மிகத் தூய்மையாக இருந்தது.

சைவ உணவு உண்பவருக்குச் சமையலறையின் அருமை அங்கே போன பிறகுதான் தெரியும். ஜப்பானில் காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் நூடுல்ஸிலும்கூடக் காய்ந்த மீனில் எடுத்த சாறு கலந்திருக்கும். கடைக்காரர் 'இறைச்சி இல்லை' என்று சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் மீனை அவர் இறைச்சியாகக் கருத மாட்டார். என் தந்தையுடன் சென்றபோது மூன்றாம் நாள் மாலை அவர் சோர்ந்துவிட்டார். அன்றிரவு ஹாஸ்டல் சமையலறையில் சோறு வடித்து, கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். அருகில் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு கொரிய மாணவர் ஆர்வமாகப் பார்க்க, அப்பா அவருக்கும் ஓர் உருண்டை கொடுத்தார். அதற்குப் பிறகு மீதி நாட்களில் அவர் உற்சாகமாக இருந்தார்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை அந்நாட்டுக்குள் கொண்டு செல்லக் கூடாது. பொடிகள் போதும். பருப்பு வேண்டுமென்றால் டோக்கியோவில் ஷின் ஓகுபோ நிலையத்துக்கு அருகிலுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கலாம். நம் ஊர் மின்சாரக் குக்கரைத் தூக்கிச் செல்வதும் வீண், அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட்தான்.

சிறிய ஹாஸ்டல்களில் வரவேற்பு மேசையை இரவு ஒன்பது, பத்து மணிக்கே மூடிவிடுவார்கள். விமானம் மாலையில் இறங்கினால் முதல் இரவுக்கு ஹோட்டலே பாதுகாப்பு.

பதில்: தென்னந்தோப்பு

இரண்டு தகவல்கள். கியோத்தோவில் தங்கும் வரி 2026 மார்ச் முதல் உயர்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஓர் இரவுக் கட்டணம் 6,000 யென்னுக்குக் குறைவாக இருந்தால் 200 யென், அதற்கு மேல் 20,000 யென்னுக்குள் இருந்தால் 400 யென். பெரும்பாலும் இதை அங்கேயே கட்டச் சொல்வார்கள். நவம்பரின் பிற்பகுதி மேப்பிள் இலைகள் சிவக்கும் காலம் என்பதால் கியோத்தோ அறைகள் வேகமாக நிரம்பும். ஆகவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை இன்றே பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில்: பொன்னிநதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் நிலையத்துக்கு அருகில் ட்வின் அறை, கியோத்தோவில் சமையலறையும் லிப்டும் உள்ள ஹாஸ்டலில் இரு கட்டில் தனியறை என்று முடிவு செய்திருக்கிறோம். குளியலறை பொது என்பதற்கு அவர் சற்றுத் தயங்கினார். சமையலறை உண்டு என்றதும் எந்தப் பொடியை எவ்வளவு அரைக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இரண்டு பெரிய பெட்டிகளை அம்மாவுடன் புல்லட் ரயிலில் ஏற்றி இறக்க முடியுமா?

பதில்: வடகரை

ஏற்ற வேண்டியதே இல்லை சகோதரி. டோக்கியோ ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கொடுத்தால், யமாதோ நிறுவனத்தின் கூரியரில் அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் மறுநாளே கியோத்தோவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் பெட்டிகளை வாங்கி வைக்க இயலுமா என்று அந்த ஹாஸ்டலுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கான மாற்றுடையையும் அம்மாவின் மாத்திரைகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.