எண்பதுகளில் எது முதல்? வளவு வீட்டுக் குழுவில் ஒரு பேய்ப்படப் பேச்சு

குழு: வளவு வீடு (கோடை விடுமுறை)
ஞாயிறு

இரவு 8:04
மீனா: பிள்ளைகள் தூங்கினதும் பெரியவங்களுக்கு ஒரு பேய்ப்படம். செவ்வாய்க்கிழமை, வளவு முற்றத்துல திரை கட்டி. 80-கள்ல வந்த படமா இருக்கணும், ஒண்ணே ஒண்ணுதான். எதுன்னு சொல்லுங்க.

8:05
கதிர்: தி திங். 1982. ஜான் கார்பென்டர்.

8:05
அம்மான்: தி ஷைனிங் இருக்கும்போது அது எப்படிப்பா முதல்ல வரும்? 1980, குப்ரிக்.

8:07
மீனா: தமிழ்ப் படத்தை யாரும் வாயில எடுக்க மாட்டீங்களா? மூடுபனி 1980. நூறாவது நாள் 1984. ‘யார்’, ‘பிள்ளை நிலா’ ரெண்டு படமும் 1985.

8:09
உமா ஆச்சி: முதல்ல எல்லையைப் போட்டுக்குவோம். 1980-லேருந்து 1989 முடிய. 13-ம் நம்பர் வீடு 1990, அது வெளியே. மூடுபனியில பேயே இல்லையே மீனா, மனசு கெட்டுப்போன ஒரு ஆள்தானே. நூறாவது நாளும் கொலைக்கதைதான்.

8:10
மீனா: தி திங்லயும் பேய் இல்லை ஆச்சி. வேற கிரகத்துலேருந்து வந்த ஜீவன். பயம்தானே கணக்கு?

8:11
உமா ஆச்சி: அதுவும் நியாயம்தான். பயம்தான் கணக்கு.

8:14
மீனா: அப்ப மூடுபனிக்கு என் ஓட்டு. பாலு மகேந்திரா தானே கேமராவும் பிடிச்ச படம். ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்தை வெச்சே முகத்துல பாதியை இருட்டுல விட்டுடுவார். இளையராஜாவுக்கு நூறாவது படம். ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டை இப்ப எல்லாரும் காதல் பாட்டா கேக்கறோம். படத்துல அதைப் பாடறவன் கொலைகாரன், கேக்கறவள் அவன் அடைச்சு வெச்சிருக்கிற பொண்ணு. கிடார் அவ்வளவு மென்மையா இருக்கிறதாலதான் வயித்துல கலக்குது.

8:16
அம்மான்: அந்த இடம் உசத்திதான் ஆத்தா, நான் மறுக்கலை. ஆனா படம் முழுக்க அந்த இறுக்கம் நிக்கலையே. இடையில போலீஸ் விசாரணை வந்ததும் தளர்ந்துபோகுது.

8:17
கதிர்: நூறாவது நாள்ல சத்யராஜ் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமா வர்றதைத் தவிர இப்பப் பார்த்தா பெருசா நிக்கிறது இல்லை. இத்தாலியில 1977-ல வந்த ஒரு படத்தோட கதை அது. பிள்ளை நிலாவுல பேபி ஷாலினி நல்லாப் பண்ணியிருக்கும்.

8:21
அம்மான்: ஷைனிங்குக்கு வர்றேன். ஹீரோவோட பையன் மூணு சக்கர வண்டியில ஹோட்டல் தாழ்வாரத்தைச் சுத்தி வர்ற இடத்தைக் காதால கேளுங்க. மரத்தரையில போகும்போது கடகடன்னு பெருஞ்சத்தம். கம்பளத்து மேல ஏறினதும் சத்தம் சட்டுன்னு அடங்கிடும். திரும்ப மரம், திரும்பக் கம்பளம். ரெண்டு சுத்து கேட்டதும் அடுத்த சத்தம் எப்ப வரும்னு உடம்பே எதிர்பார்க்க ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம்தான் மூலை திரும்பறப்ப ரெண்டு பொண்ணுங்க நிக்கிறாங்க.

8:23
அம்மான்: நடந்துக்கிட்டே எடுத்தாலும் குலுங்காத ஸ்டெடிகேம் கருவியைக் கண்டுபிடிச்ச காரெட் பிரவுனே வந்து எடுத்தது அது. லென்ஸ் தரையை ஒட்டிப் போகணும்னு சக்கர நாற்காலியில கேமராவை வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. கேமரா பிள்ளை உயரத்துக்கு இறங்கினதாலதான் தாழ்வாரம் அவ்வளவு நீளமாத் தெரியுது.

8:24
உமா ஆச்சி: மேனேஜர் ரூம் ஜன்னலையும் சொல்லுங்க அம்மான்.

8:26
அம்மான்: ஆமா, அது முக்கியம். ஹீரோவை வேலைக்கு எடுக்கிற அறையில மேனேஜருக்குப் பின்னால வெளிச்சமா ஒரு ஜன்னல். ஆனா அந்த அறைக்கு நடந்து வந்த வழியைக் கணக்குப் பண்ணினா அது கட்டடத்துக்கு நடுவுல இருக்கு, வெளிச்சுவரே கிடையாது. படத்துல யாரும் அதைப் பத்திப் பேசறதில்லை. ஆனா வீட்டுக் கட்டு தெரிஞ்சவனுக்கு உறுத்தும். முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டுன்னு வரிசை தெரிஞ்சு வளர்ந்தவங்களுக்கு இன்னும் சீக்கிரம் உறுத்தும்.

8:30
கதிர்: அம்மான், ஷைனிங்ல பயம் கட்டடத்துல இருக்கு. தி திங்ல பயம் பக்கத்துல உக்காந்திருக்கிறவன் மேல. அண்டார்டிகாவுல ஒரு முகாம், பன்னிரண்டு ஆம்பளைங்க, அதுல யார் மனுஷன் யார் இல்லைன்னு தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஹீரோ எல்லார் ரத்தத்தையும் தனித்தனித் தட்டுல எடுத்து வெச்சு, பழுக்கக் காய்ச்சின கம்பியை ஒவ்வொண்ணுலயும் வைப்பான். முதல் நாலு பேர் ரத்தம் ‘ஸ்ஸ்’னு கருகும், அவ்வளவுதான். அஞ்சாவதுல அவன் கம்பியைப் பார்க்கவே இல்லை, வேற ஒருத்தர்கிட்ட கோவமாப் பேசிக்கிட்டே வைக்கிறான். தட்டுல இருக்கிற ரத்தம் கத்திக்கிட்டே எகிறும்.

8:31
உமா ஆச்சி: நாலு தடவை பழக்கிட்டு அஞ்சாவதுல பேச்சை வெச்சு கவனத்தைத் திருப்பறான். சத்தம் வர்ற இடத்துல இசையே இருக்காது. இசை இருந்திருந்தா ஏதோ வரப்போகுதுன்னு காது உஷாராகியிருக்கும். இதுல நான் கதிர் பக்கம்.

8:33
கதிர்: நாயை விட்டுட்டீங்களே ஆச்சி. ஆரம்பத்துல ஒரு நாய் தாழ்வாரத்துல மெதுவா நடந்து வந்து, நின்னு பார்த்துட்டு, ஒரு அறைக்குள்ள போகும். உள்ள சுவர்ல ஒரு ஆளோட நிழல் மட்டும் தலையைத் திருப்பும். யார் நிழல்னு தெரியக்கூடாதுன்னு நடிகர்கள்ல யாரையும் நிக்க வைக்காம சண்டைப் பயிற்சியாளரை நிக்க வெச்சாங்க. நாய் உறுமலை, ஓடலை. அவசரமே இல்லாம நடக்குது, அதுதான் பயம்.

8:36
சேது அத்தான்: அதுல வர்ற உருவமெல்லாம் ராப் பாட்டின் பண்ணினது. வேலையை எடுத்தப்ப அவருக்கு 22 வயசு. ஒரு வருஷத்துக்கு மேல ஓய்வில்லாம உழைச்சு கடைசியில ஆஸ்பத்திரியில படுத்தார். நாய்க்கூண்டுக் காட்சியை ஸ்டான் வின்ஸ்டன் பண்ணிக் கொடுத்தார்.

8:40
சேது அத்தான்: டாக்டர் ஷாக் வைக்கும்போது படுத்திருக்கிறவன் நெஞ்சு பிளந்து ரெண்டு கையையும் கடிச்சு எடுக்குமே, அதுல கேமரா தந்திரமே இல்லை. முழங்கைக்குக் கீழே நிஜமாவே கை இல்லாத ஒருத்தரை வெச்சு, மெழுகு எலும்பு, ரப்பர் நரம்பு, ஜெல்லி எல்லாம் சேர்த்துப் பொய்க்கை மாட்டி, டாக்டர் முகம் மாதிரி முகமூடி போட்டு எடுத்தாங்க. அடுத்து தலை பிய்ஞ்சு இறங்கற காட்சி. உருக்கின பிளாஸ்டிக்கும் பபிள்கம்மும் வெச்சு அந்தக் கழுத்து நரம்பை இழுத்திருக்காங்க. ஃப்ரேமுக்குக் கீழே கொஞ்சம் நெருப்பு தெரியணும்னு பற்ற வெச்சா, அந்தச் சாமான்லேருந்து வந்த ஆவி அறை முழுக்க நிறைஞ்சிருந்ததால குப்புனு பிடிச்சுக்கிச்சு. மாசக்கணக்குல பண்ணின உருவம் தீஞ்சுபோய் மறுபடி தயார் பண்ணித்தான் எடுத்தாங்க.

8:42
மீனா: 1984-ல எல்ம் ஸ்ட்ரீட் படத்துலயும் இதே மாதிரி ஆச்சே அத்தான்.

8:45
சேது அத்தான்: ஆமா. சுழலும் அறை. கேமராவை அறைச்சுவரோட போல்ட் போட்டு இறுக்கிடுவாங்க. அறையும் கேமராவும் சேர்ந்து சுத்தறதால பார்க்கிறவங்களுக்கு அறை அசையாது, ஆள்தான் சுவர்ல ஏறற மாதிரி இருக்கும். கட்டில்லேருந்து ரத்தம் பீறிடறதுக்கு அறையைத் தலைகீழா நிறுத்தி மேலேருந்து ஊத்தினாங்க. தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கினதும் அந்தப் பாரம் தாங்காம அறை தானே உருண்டுடுச்சு, ரத்தம் விளக்கு, ஒயர் மேலெல்லாம் போச்சு. தண்ணி நிலையா நிக்காத பாரம். அதை யோசிக்காம விட்டதுதான் தப்பு.

8:46
மீனா: அதே 1984-ல நம்ம பக்கத்துல மை டியர் குட்டிச்சாத்தான்லயும் சுழலும் அறைதானே! பிள்ளைகள் சுவர்ல ஏறி விட்டத்துல நடக்கிற பாட்டு. இந்தியாவுல முதல் 3டி படம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுடலாம்.

8:47
உமா ஆச்சி: நல்ல யோசனை. அது பயம் காட்டற படமில்லை, பிள்ளைகளுக்கு ஒத்துவரும். சாதா படமாவே போடுங்க, கண்ணாடி தேட வேண்டாம்.

8:50
கதிர்: ஓநாயா மாறற ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டனையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். 1981. ரிக் பேக்கர். மேக்கப்புக்குன்னு தனி ஆஸ்கர் ஏற்பட்டதும் முதல்ல வாங்கினது அவர்தான். இருட்டுல மறைக்காம நல்ல விளக்கு வெளிச்சத்துல எடுத்தது. முடி முளைக்கிறதுக்கு, பொய்த்தோல்ல குத்தின முடியை உள்ள இழுத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னாலேருந்து ஓட்டினாங்க. ஆனா அந்த ஒரு காட்சியைத் தாண்டிப் படம் தி திங் அளவுக்கு இல்லை.

8:52
மீனா: ஈவில் டெட் பேய்ப்படம் மாதிரி முகப்புல ரத்தம் தெளிச்சு அலங்காரம் பண்ணலாமா? அவங்க மக்காச்சோளப் பாகுல காபிக்குப் போடற பால்பொடியைக் கலந்தாங்களாம்.

8:56
உமா ஆச்சி: பால்பொடி எதுக்குன்னா, வெறும் பாகு கண்ணாடி மாதிரி இருக்கும், சர்பத் கொட்டின மாதிரி தெரியும். பொடி சேர்ந்தாத்தான் கெட்டியா ரத்தமாத் தெரியும். இங்க லிக்விட் குளுக்கோஸ் கால் லிட்டர், தண்ணி நாலு மேசைக்கரண்டி, சிவப்புக் கலர் ஒரு தேக்கரண்டி, பால்பொடி அரைத் தேக்கரண்டி போதும். நீலம் ஒரு துளி விடணும், இல்லேன்னா எல்இடி வெளிச்சத்துல ரோஸ் நிறமாத் தெரியும். ஆனா தரையில ஒரு சொட்டு விழக்கூடாது. தரையில பதிச்சிருக்கிற ஆத்தங்குடிக் கல் சூளையில சுட்டது இல்லை, சிமெண்டும் கலரும் வார்த்துத் தண்ணியில ஊறவெச்சது. சாயத்தை உறிஞ்சிக்கும், தேச்சாலும் போகாது. எறும்பு வேற வரும். தாம்பாளத்துல வெச்சு அலங்காரம் பண்ணு.

8:57
மீனா: சரி ஆச்சி, தாம்பாளத்துலேயே.

9:02
சேது அத்தான்: படம் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னால இடத்தைப் பார்த்துடுங்க. மேற்குப் பக்கத்து ரெண்டு தூணுக்கு நடுவுல பத்தடி. கிழக்குப் பக்கம் சாமி வீட்டு வாசல், அதுக்கு எதிர்ல திரை கட்டக்கூடாது. மேலே மரச்சட்டம் ஏழடியில வருது, கீழே முன்வரிசைத் தலைகளுக்கு ரெண்டரை அடி விடணும். ஆக உயரம் நாலரை அடிதான்.

9:03
சேது அத்தான்: தி திங் அகலப் படம். பத்தடி அகலத்துக்கு உயரம் நாலேகால் அடி. அப்படியே உக்காரும். ஷைனிங் பத்தடிக்குக் கிட்டத்தட்ட அஞ்சரை அடி கேக்கும். நாலரை அடியில அடக்கினா அகலம் எட்டேகால் அடியாச் சுருங்கிடும்.

9:05
அம்மான்: எட்டேகால் அடி போதுமே சேது. அந்த வண்டிச் சத்தம் வளவுல கேட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

9:09
சேது அத்தான்: இன்னொண்ணு இருக்கு அம்மான். செவ்வாய் சங்கடஹர சதுர்த்தி. நிலா எழும்ப ஒன்பதரை ஆகும். கிழக்குப் பக்க ஓட்டுக் கூரையைத் தாண்டி மேற்குத் தூண்ல வெளிச்சம் விழ பதினொண்ணு. பிள்ளைகளைப் படுக்க வெச்சு எட்டே முக்காலுக்கு ஆரம்பிச்சா தி திங் 109 நிமிஷம், பத்தரைக்கு முடியும். ஷைனிங் 144 நிமிஷம். கடைசியில பனி மூடின புதிர்வழியில ஓடற இடத்துல திரை மேல நிலா விழும். கறுப்பு சாம்பலாயிடும்.

9:11
அம்மான்: அந்தப் புதிர்க் காட்சியைக் கெடுத்துப் பார்க்கிறதுக்குப் பார்க்காமலேயே இருக்கலாம். உப்பையும் தெர்மகோல் தூளையும் கொட்டிப் பனி பண்ணின இடம் அது, இருட்டு இருந்தாத்தான் பனின்னு கண்ணு நம்பும். செவ்வாய்க்கு தி திங் போடுங்க. ஷைனிங்கை அமாவாசைக்கு முந்தின நாள் வெச்சுக்குவோம், 119 நிமிஷத்துக்கு வெட்டினதை யாரும் எடுத்துட்டு வராதீங்க.

9:12
கதிர்: சரி அம்மான். 144 நிமிஷத்தையே எடுத்து வைக்கிறேன்.

9:13
மீனா: அமாவாசைக்கு அடுத்த நாள் மூடுபனி. எழுதி வெச்சுக்கோங்க.

9:18
உமா ஆச்சி: சத்தத்துக்கு நான் பொறுப்பு. முற்றம் மேலே திறந்திருக்கிறதால பாதி எதிரொலி வானத்துக்குப் போயிடும். மிச்சம் கல் தரையும் முட்டை வெள்ளை பூசின சுவரும்தான். ஜமுக்காளம் மூணு விரிச்சு, பின்சுவர்ல ரெண்டு மெத்தை சாத்தி வையுங்க. நடுவுல நின்னு ஒரு கைதட்டு, எதிரொலி வால் விட்டுக் கேட்டா இன்னொரு மெத்தை. தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர் வூஃபரை மூலையில வைக்காதீங்க. தி திங்குக்கு எனியோ மோரிகோனே போட்ட இசையில நெஞ்சுத்துடிப்பு மாதிரி தாழ்ந்த அடி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். மூலையில வெச்சா அது ‘பூம்’னு கொழகொழத்து வசனத்தை முழுங்கிடும். சுவரை விட்டு மூணடி தள்ளி வையுங்க.

9:20
கதிர்: ப்ளூடூத்தா, ஒயரா ஆச்சி?

9:21
உமா ஆச்சி: ஒயர்தான். ப்ளூடூத்ல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். ரத்தம் எகிறினப்புறம் அலறல் வந்தா அந்தக் காட்சியே போச்சு.

9:24
சேது அத்தான்: கடாத்துணி திரை அளவுக்குக் கொஞ்சம் கூடுதலா தையக்காரர்கிட்ட சொல்லிடு கதிர், ஓரத்துல கயிறு நுழையற மாதிரி மடிச்சு. நடுவுல தையல் வரக்கூடாது, முகத்து மேல கோடு விழும். பின்னால கறுப்புத் துணி ஒண்ணு, இல்லேன்னா வெளிச்சம் துணியைத் தாண்டிப் போய்ப் படம் வெளுக்கும். புரொஜெக்டர் திரையிலேருந்து பதினஞ்சடி. அதுல படத்தை வழவழன்னு ஓட வைக்கிற செட்டிங் ஒண்ணு இருக்கும், அதை அணைச்சுடு. இல்லேன்னா சினிமா டிவி சீரியல் மாதிரி ஆயிடும்.

9:25
கதிர்: நாளைக்குக் காலையில கடைக்குப் போறேன் அத்தான். கேபிள் எவ்வளவு நீளம்?

9:26
சேது அத்தான்: பத்து மீட்டர். நடை வழியில போகும், ஜமுக்காளத்துக்கு அடியில விட்டு ஒட்டிடு. முகப்பு விளக்கோட சுவிட்சு எதுன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கோ, அந்த வெளிச்சம் நேரா திரையில விழுது.